முதலில் பிரேக், பிறகுதான் பற்றரி

கேள்வி: எங்கள் ஒஸ்ரின் ஏ 40 காருக்கு யப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டச் சொல்கிறார்கள் நண்பர்கள். பூட்டலாமா?
– வாசகர், விசுவமடு

பதில்: பூட்டலாம், பூட்டி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இருக்கிற எஞ்சின் இனிச் சரிவராது என்று நல்ல மெக்கானிக் ஒருவர் கழற்றிப் பார்த்துச் சொன்ன பிறகு அதை யோசியுங்கள். வேகம் கூடினால் பழைய பிரேக் காணாது. புது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியவும் வேண்டும்.

கேள்வி: காலஞ்சென்ற அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 காரை 2005 இல் வவுனியாவில் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தோம். இப்போது லொறியில் ஏற்றி வந்து கொட்டிலில் விட்டிருக்கிறோம். நானும் தம்பியும் திருத்தப் போகிறோம். தொண்ணூறுகளில் அப்பா இதை மண்ணெண்ணெயில் ஓடினார். பெற்றோல் சூப்பிப் போத்தலைக் கொழுவ அவர் வளைத்த கம்பி இன்னும் பொனற்றுக்குள் இருக்கிறது. அதைக் கழற்றுவதா? பற்றரி வாங்கிப் போட்டு ஸ்ராட் பண்ணிப் பார்க்கலாமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: பிள்ளை, பற்றரி இப்போது வேண்டாம். அந்தக் காசு பிரேக்குக்குத் தேவைப்படும்.

மண்ணெண்ணெயில் ஓடியதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நானும் அந்த வருடங்களில் அப்படித்தான் ஓடினேன். போர்க்காலம், எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் தடை. கிடைக்கிற கொஞ்சத்தைச் சூப்பிப் போத்தலில் வைத்துக்கொண்டு, அதில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிச்சம் பிஸ்டன் ஓரத்தால் இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் உங்கள் எஞ்சினின் உள்ளே தேய்மானம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

பழைய ஒயிலை முழுக்க இறக்கிப் புதிது விடுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்து இரண்டு தேக்கரண்டி விட்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு பிளக் போடாமலே முன்னால் ஹாண்டில் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் தம்பியைப் பலம் காட்ட விடவேண்டாம், ரிங் உடையும். திரும்ப விட்டு ஒரு கிழமை பொறுங்கள்.

அந்த ஒரு கிழமையில் பிரேக்கைப் பாருங்கள். சாரதியின் காலடியில் விரிப்பைத் தூக்கினால் சின்னத் தகட்டு மூடி இருக்கும். அதன் கீழேதான் மாஸ்டர் சிலிண்டர். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். இத்தனை வருடம் சும்மா நின்றால் உள்ளே கறள் பிடித்துக் குழி விழும். சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். நகம் எங்காவது தட்டினால் றப்பர் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். வவுனியாவில் கிடைக்காவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். நாலு சில்லுக்கும் ஒரே பிரேக் வழிதான் இந்தக் காரில். ஓரிடத்தில் ஒழுகினால் கால் தரையைத் தொட்டுவிடும், மிஞ்சுவது கைபிரேக் மட்டும். றப்பர்க் குழாய்கள் பார்வைக்குப் புதிதுபோல இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் முன் சில்லு. சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு புரியில் சுழல்வது, கிறீஸ் இல்லாமல் புரி தேய்ந்தால் கழன்றுவிடும். கிறீஸ் கிடைக்காத நாளில், மாங்குளம் ஒட்டுசுட்டான் வீதியில் எனக்கு அது நடந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வலது சில்லு உள்ளே மடிந்து கார் நிலத்தில் குந்திவிட்டது. பின்னால் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். மெதுவாகப் போனதால் தப்பினோம். இன்றைக்கும் எந்த மைனர் வந்தாலும் ஜக் அடித்து அந்த மூட்டை ஆட்டிப் பார்க்காமல் நான் சாவியைத் தொடுவதில்லை.

கறளுக்குச் சுத்தியலே போதும். பின் வில் பூட்டும் இடத்தையும் கதவுக்குக் கீழ்ப் பட்டியையும் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், உக்கியது சத்தமில்லாமல் உள்வாங்கும். உக்கியதை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டாமல் மேலே பெயின்ற் அடிக்க வேண்டாம்.

இவ்வளவும் முடிந்தால் பற்றரி வாங்குங்கள். பூட்டமுன் காரின் பொடியோடு, அதாவது தகர உடலோடு, சேரும் வயர் எது என்று பாருங்கள். இந்தக் கார்களில் பெரும்பாலும் பொசிற்றிவ்தான் பொடிக்கு. மாறிக் கொடுத்தால் வயர் கருகாவிட்டாலும் டைனமோ சரியாகச் சார்ஜ் பண்ணாது.

அப்பாவின் கம்பி இருக்கட்டும், அது ஒன்றுக்கும் இடைஞ்சல் இல்லை. அதோடு பழைய றப்பர்க் குழாய் ஏதும் கிடந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மைனரில் காபரேற்றரும் எக்சோஸ்ற்றும் ஒரே பக்கம். வெடித்த குழாயிலிருந்து பெற்றோல் சூட்டின் மேலே சொட்டினால் தீப்பிடிக்கும்.