இடி கேட்பதற்கு முன்பே மொபைலில் புள்ளி!

கேள்வி: மின்னல் வரைபடம் காட்டும் தளம் ஒன்றை மொபைலில் பார்ப்பேன். வானத்தில் வெட்டிய சில நொடிகளில் பக்கத்து ஊர் மேல் புள்ளி விழுகிறது, அதற்கப்புறம்தான் இடியே கேட்கிறது. யாரும் பார்க்காமல் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
- ஒரு வாசகர், அரூர்

பதில்: ரேடியோ அலையை வைத்துத்தான். மழை நேரத்தில் பழைய மீடியம் வேவ் ரேடியோவில் 'கர்ர்... டப்' என்று இரைச்சல் வருமே, அது மின்னலின் ரேடியோ அலை. இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். இந்த அலையோ ஒளியின் வேகத்தில் போகும், ஒரு மைக்ரோ செகண்டில், அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர். பல ஊர்களில் வைத்திருக்கும் ஆண்டெனாக்கள் அலை வந்து சேர்ந்த நேரத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தை வைத்துக் குறித்து மையக் கணினிக்கு அனுப்பிவிடும்.

சரி, நேரம் தெரிந்தால் இடம் எப்படித் தெரியும்? ஒரு நிலையத்துக்கு இன்னொன்றைவிட 100 மைக்ரோ செகண்ட் முன்னால் அலை வந்தது என்றால், மின்னல் முதல் நிலையத்துக்கு 30 கிலோமீட்டர் கூடுதல் பக்கத்தில் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களை எல்லாம் சேர்த்துக் கோடு போட்டால் பள்ளிக் கணக்கில் படித்த அதிபரவளையம் வரும். மூன்றாவது நிலையம் இன்னொரு கோடு தரும், இரண்டும் வெட்டும் இடம்தான் மின்னல் விழுந்த இடம். சில சமயம் இரண்டு இடங்களில் வெட்டும் என்பதால் நான்காவது நிலையமும் வேண்டும். கடிகாரம் ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினாலே கணக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப்போகும், அதனால் நிலையங்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ஜெர்மனியில் தொடங்கிய பிளிட்சோர்ட்டுங் வலையமைப்பில் தன்னார்வலர்களே வீட்டில் ஆண்டெனா வைத்து இந்தத் தகவலை அனுப்புகிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

கேள்வி: விழுந்த பிறகு தெரிந்து என்ன பயன்?
- ஒரு வாசகி, ஒரத்தநாடு

பதில்: நிறைய இருக்கிறது. மின்பாதை எந்த நொடியில் ட்ரிப் ஆனதோ அதே நொடியில் எந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் மின்னல் விழுந்தது என்று பார்த்தால், ஆட்கள் பாதை முழுக்க அலையாமல் நேராக அங்கே போகலாம். விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்புவதை நிறுத்துவதற்கும், காட்டுத்தீ எங்கே பிடித்திருக்கும் என்று தேடுவதற்கும்கூட இதுதான்.

ஆனால் நம் ஊருக்கு முக்கியமானது எச்சரிக்கை. பெரும்பாலும் மேகத்துக்குள்ளேயே முதலில் மின்னல் வெட்டும், தரைக்கு இறங்குவது அதற்குப் பிறகுதான். உள்ளே வெட்டுவது திடீரென்று கூடினால் மேகம் வலுக்கிறது என்று அர்த்தம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நாடு முழுக்க நிலையங்கள் வைத்து, 'தாமினி' என்ற செயலியில் உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கிறது. அடுத்தது எந்த மரத்தில், எந்த வயலில் விழும் என்று எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியும் விழும், அதனால் 'இங்கேதான் தூறலே இல்லையே' என்று நாற்று நட்டுக்கொண்டு நிற்காதீர்கள். மரத்தடியும் கூரைக் கொட்டகையும் வேண்டாம், கான்கிரீட் வீட்டுக்கோ கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வயலில் இறங்கலாம்.