தீர்வைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: வளரும் நாடு ஒன்று தனக்கான வர்த்தகக் கொள்கையை வகுக்கும்போது, உள்நாட்டுத் தொழில்களைக் காக்க இறக்குமதித் தீர்வையை உயர்த்துவதுதானே முதல் வேலை?

பதில்: இந்த எண்ணம் நல்ல நோக்கத்தில் பிறப்பதுதான் என்றாலும், தீர்வையிலிருந்து தொடங்கும் கொள்கை பெரும்பாலும் தடம் மாறிவிடுகிறது. இறக்குமதியாகும் துணிக்கு வரி கூட்டினால் உள்நாட்டு ஆலைகள் பயன்பெறும். ஆனால், அந்தத் துணியில் ஆடை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புபவரின் அடக்கவிலை ஏறிவிடும். உலகச் சந்தையில் விலையை நிர்ணயிக்கும் வலிமை அவருக்கு இல்லாததால், ஏறிய செலவை அவரே சுமக்க நேரிடும். இறக்குமதிக்குப் பரவலாக விதிக்கப்படும் வரி, முடிவில் ஏற்றுமதிக்கு விதித்த வரியைப் போலவே செயல்படும் என்று பொருளியலாளர் ஆபா லெர்னர் 1936-இல் விளக்கினார். ஆலை உரிமையாளர்கள் சிலரே. அவர்களுடைய குரல் அமைச்சகத்துக்கு எளிதில் எட்டும். சிறு ஏற்றுமதியாளர்களோ சிதறிக் கிடப்பவர்கள். அவர்கள் இடறுவது மூலப்பொருள் விலையிலா, துறைமுகத் தாமதத்திலா, தரச்சான்று பெறுவதிலா என்று அவர்களிடமே கேட்டறிவதைத்தான் நான் முதல் வேலையாகக் கொள்வேன்.

காப்புவரிக்கும் இடமுண்டு, ஆனால் அதற்குக் கெடுவும் நிபந்தனையும் வேண்டும். 1960-களில் தென்கொரியா உள்நாட்டுச் சந்தையைக் காத்துக்கொண்டே, சலுகைக் கடன் பெற்ற நிறுவனங்களிடம் ஏற்றுமதி இலக்கைக் கண்டிப்பாக எதிர்பார்த்தது. அதிபர் பார்க் சுங் ஹீ மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டங்களில் அமர்ந்து தடைகளைக் கேட்டறிந்தார். கரும்பையே நம்பியிருந்த மொரீஷியஸ், 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் இயற்றி, உள்நாட்டுச் சந்தைக்கான காப்புவரி தொடர்ந்தபோதும், ஏற்றுமதி ஆலைகளுக்கு மட்டும் இடுபொருள்களைத் தீர்வையின்றித் தருவித்துக்கொள்ள வழி செய்தது.

கொரிய வழியை அப்படியே பின்பற்ற இன்று இயலாது. 1995-இல் தோன்றிய உலக வர்த்தக அமைப்பின் விதிகள், மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் வேறு சில ஏழை நாடுகளுக்கும் விலக்கு அளித்து, மற்றவர்களுக்கு ஏற்றுமதி மானியத்தைத் தடை செய்கின்றன. ஆயினும், ஏற்றுமதிப் பொருளில் சேர்ந்த இடுபொருளுக்குச் செலுத்திய தீர்வையை, செலுத்திய அளவுக்கு மிகாமல் திருப்பித் தருவதற்குத் தடையில்லை. இந்தத் தொகை மாதக்கணக்கில் முடங்காமல் சிறு தொழில்முனைவோரின் கைக்குப் போய்ச் சேருவதே பல நாடுகளில் பெரிய மாற்றமாக அமையும்.

கேள்வி: தீர்வையைக் குறைத்தால் அரசின் வருவாய் என்னாகும்?

பதில்: இது நியாயமான கவலை. வருமான வரியைத் திரட்டும் நிர்வாகம் வலுப்பெறாத நாடுகளில், துறைமுகத்திலும் எல்லையிலும் தீர்வை வசூலிப்பதே எளிது என்பதால் கருவூலம் அதையே பெரிதும் சார்ந்திருக்கும். உள்நாட்டுப் பொருளுக்கும் இறக்குமதிப் பொருளுக்கும் ஒன்றுபோல் விதிக்கப்படும் மதிப்புக் கூட்டு வரியை முதலில் நிலைநிறுத்தி, பிறகு படிப்படியாகத் தீர்வையைக் குறைப்பதே பாதுகாப்பானது. ஆகவே, கொள்கை வரைவுக் குழுவில் வர்த்தக அமைச்சகத்துடன் நிதி அமைச்சகமும் முதல் நாளிலிருந்தே இடம்பெற வேண்டும்.