‘முதலில் நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்’: பள்ளி நிர்வாகிகளின் சட்டக் கேள்விகள்

கேள்வி: விடுதியுடன் கூடிய பள்ளி நடத்துகிறோம். விடுதி ஊழியர் ஒருவர் தன்னைத் தவறாகத் தொடுவதாக ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். ‘போலீஸ் வேண்டாம், ஆளை வேலையிலிருந்து அனுப்பினால் போதும்’ என்கிறார்கள் பெற்றோர். நாங்களே விசாரித்து முடிவெடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: கூடாது. எங்களுக்குக் கடிதம் எழுதும் முன்பே காவல் நிலையத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். இன்னும் சொல்லவில்லை என்றால், இதைப் படித்த கையோடு சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், உள்ளூர் காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்தால்தான் என்று அதில் எங்கும் இல்லை. தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘அவர் கான்ட்ராக்ட் ஆள், எங்கள் ஊழியர் இல்லை’ என்பதும் தகவல் சொல்லும் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது அதற்காக வழக்குப் போட முடியாது என்று அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது.

உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது போலீஸின் வேலை. பல பள்ளிகள் சறுக்கும் இடம் இதுதான். முதலில் எச்.எம். கேட்பார், அப்புறம் தாளாளர், அப்புறம் டிரஸ்டி. நாலு பேர் நாலு தடவை கேட்டால் குழந்தையின் வார்த்தை நாலு விதமாக வரும். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த வித்தியாசத்தைத்தான். அதைவிடப் பெரிய கொடுமை, தைரியமாக வாய் திறந்த பிள்ளையைக் குற்றவாளியைப் போல நிற்க வைப்பது.

வகுப்பாசிரியை தான் கேட்டதை, அந்தப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடட்டும். ‘பாலியல் சீண்டல்’ என்று நாகரிகமாக மாற்றி எழுத வேண்டாம். பனி மூடிய ராத்திரியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டியதில்லை. ஏற்காடு காவல் நிலையத்திலேயே சொல்லலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் தகவல் கொடுங்கள். நீங்கள் சொல்வதை எழுத்தில் பதிந்து பதிவு எண் போடுவது காவல் நிலையத்தின் கடமை. அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள்; நாளைக்கு உங்களைக் காக்கப்போகும் காகிதம் அதுதான்.

அன்றைக்கே சி.சி.டி.வி. பதிவையும் பத்திரப்படுத்துங்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். அழிந்தது தானாகத்தான் என்று பிற்பாடு நீங்கள் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

அந்த ஊழியரை விடுதி வளாகத்திலிருந்து உடனே விலக்கி, எழுத்துமூலம் பணியிடை நீக்கம் செய்யுங்கள். ராஜினாமா வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழோடு அனுப்பிவைத்தால், அவர் அடுத்த விடுதியில் போய்ச் சேருவார். பெற்றோரிடம் பக்குவமாகப் பேசுங்கள்: வாக்குமூலம் வாங்கக் குழந்தையின் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ போலீஸ் வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது, கூடியவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரியே வர வேண்டும். பெயரோ படமோ வெளியே போகக் கூடாது. பெரும்பாலான பெற்றோர் பயப்படுவது இதற்குத்தான். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்கூட அந்தப் பெயர் வரக் கூடாது.

கேள்வி: எங்கள் இரண்டு கிளைகளிலும் தலா 14 ஊழியர்கள். பெண் ஊழியர்களின் புகாரை விசாரிக்க ஒரே குழு போதுமா? வெளி உறுப்பினராக என் மனைவியைப் போடலாமா?
— தாளாளர், ஆத்தூர்

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் தனிக் குழு வேண்டும். தலைமை, மூத்த பெண் ஊழியரிடம் இருக்க வேண்டும். கூடவே ஊழியர்களில் குறைந்தது இருவர், பெண்கள் பிரச்சினையில் ஈடுபாடுள்ள அமைப்பிலிருந்தோ இதில் பரிச்சயம் உள்ளவராகவோ வெளியாள் ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். நிர்வாகத்தைத் தட்டிக் கேட்கத்தான் வெளியாள். உங்கள் வீட்டவரால் அது எப்படி முடியும்?

குழு இல்லாவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. ஆனால் பெயருக்கு ஒரு குழு வைத்து அவசரமாக விசாரிப்பதும் ஆபத்துதான். புகாரின் நகல் ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் பணிநீக்கத்தை 2023-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்குக் காரணம், தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்பு தராமல் விசாரணையை விரட்டி முடித்ததுதான். அப்படி அவசரப்பட்டால் புகார் கொடுத்த பெண்ணுக்கும் நியாயம் கிடைக்காமல் போகிறது. மாணவிகளின் புகாரை இந்தக் குழுவோடு நிறுத்திவிடக் கூடாது. அது முதல் கேள்வியில் சொன்ன வழியில் போக வேண்டும்.

கேள்வி: நவம்பரில் ஆசிரியை ஒருவர் திடீரென நின்றுவிட்டார். 50,000 ரூபாய் பாண்டு இருக்கிறது. பணம் கட்டும்வரை ஒரிஜினல் சான்றிதழ்களை வைத்திருக்கலாம்தானே?
— பள்ளி நிர்வாகி, ஃபேர்லாண்ட்ஸ், சேலம்

பதில்: திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் ஒன்றும் அடகுப் பொருள் அல்ல. வேலை பார்த்த நாளின் சம்பளத்தையும் நிறுத்தி வைக்காதீர்கள். பாண்டில் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தருவது நியாயமான இழப்பீட்டை மட்டுமே; எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. மாற்று ஆசிரியருக்குக் கூடுதலாகக் கொடுத்தது, பயிற்சிக்குச் செலவழித்தது என்று ரசீதோடு காட்ட முடிந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிக் கேளுங்கள். இனி வேலைக்குச் சேர்க்கும்போது ஒரிஜினலைச் சரிபார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, அன்றே திருப்பித் தந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

ஊழியரை நீங்களே அனுப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்ல என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதை நம்பி டிரைவரையும் ஆயாவையும் மறுநாளே வரவேண்டாம் என்று அனுப்பும் பள்ளிகள், தொழிலாளர் வழக்கில் சிக்கிக்கொள்கின்றன.

கேள்வி: 11 வருடம் 8 மாதம் வேலை பார்த்த ஆசிரியை ஓய்வு பெறுகிறார். தனியார் பள்ளி ஆசிரியருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டா?
— அலுவலகக் கணக்காளர், ஓமலூர்

பதில்: உண்டு. கிராஜுவிட்டி சட்டத்துக்கு 2009-ல் வந்த திருத்தம், 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் சேர்த்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000. ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் சர்வீஸ் 12 வருடம். ஆக 1,80,000 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், சில அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளக் கணக்கில் சேரும். அவருடைய சம்பளச் சீட்டை அதன்படி ஒருமுறை பார்த்துவிட்டு, முப்பது நாளுக்குள் பட்டுவாடா செய்யுங்கள்.