வேலைப்பளு தாங்க முடியவில்லை. ராஜினாமா கடிதத்தை எப்படிக் கொடுப்பது?

கேள்வி கேட்டவர் என்ன வேலையில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்கு முன் வீடு திரும்ப முடியவில்லை, துறைத்தலைவரிடம் பேசவே பயமாக இருக்கிறது, மூன்று மாத நோட்டீஸ் முழுவதும் இருந்துதான் ஆக வேண்டுமா என்று மட்டும் எழுதியிருக்கிறார். துறைத்தலைவர் என்ற சொல்லிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் தனியார் கல்லூரி ஆசிரியர். இல்லையென்றால் மன்னியுங்கள், பாதியாவது உங்களுக்குப் பயன்படும்.

கடிதம் கிடக்கட்டும். உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன?

நான் கொங்குப் பகுதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் துறையில் உதவிப் பேராசிரியராக ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். 2013 ஜூனில் சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து எம்.இ. பட்டம் வரை அனைத்தையும் "சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாகச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பாடம் நடத்துவது அந்த வேலையில் சிறு பகுதிதான். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் ஆளுக்கு ஐந்து மாணவர்களைப் பிடித்து வர வேண்டும். எனக்குத் தருமபுரிப் பக்கத்துக் கிராமங்கள். யார் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து, கவுன்சிலிங்கில் எங்கள் கல்லூரி எண்ணை முதலில் போடும்படி கெஞ்ச வேண்டும். ஒரு வீட்டில் அந்த அம்மாள் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "ஒரு பையனைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் கண்ணு?" என்று கேட்டார். கமிஷன் எல்லாம் இல்லை, ஆள் சேராவிட்டால் என் சம்பளத்தில் பாதி நின்றுவிடும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் (NAAC) குழு வருகிறது என்றதும்தான் பொறுமை போனது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நடக்கவே நடக்காத துறைக் கூட்டங்களுக்கு உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதினோம். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று நான்கு வகைப் பேனாக்களை வாங்கி வைத்திருந்தார்கள். (பச்சை மையைத் தொடக்கூடாது, அது கல்லூரி முதல்வருக்கு.) 2022 மார்ச்சில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு, நடக்காத கூட்டத்தில் நான் தெரிவித்த நன்றியுரையை எழுதிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பஸ் நாலே முக்காலுக்கே போய்விட்டது. மகள் போனில் கூப்பிட்டு, "அம்மா, நான் தூங்கப் போகிறேன், நாளைக்குக் காலையிலாவது இருப்பாயா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் கடிதம் கொடுத்தேன்.

அங்கேதான் தவறு செய்தேன். கடிதத்தைத் துறைத்தலைவர் கையில் கொடுத்தேன். நல்ல மனிதர்தான், தேநீர் வரவழைத்தார். "அவசரப்படாதீர்கள் மேடம், செமஸ்டர் முடியட்டும், நான் மேலே பேசிக்கொள்கிறேன்" என்று சொல்லிக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தார். ஜூனில் மூன்று மாதம் முடிந்துவிட்டதே என்று அலுவலகத்தில் போய் நின்றேன். "எந்தக் கடிதம்?" என்றார் கண்காணிப்பாளர். அது இழுப்பறையை விட்டு வெளியே வரவே இல்லை. அன்றைக்குத்தான் நோட்டீஸ் காலம் தொடங்குகிறது என்றார்கள்.

ஆகவே நேரடியான பதில் இதுதான். கடிதத்தை இரண்டு பிரதிகள் எடுங்கள். நேரே அலுவலகத் தபால் பிரிவுக்குப் போய் இன்வர்டு (உள்வரும் தபால்) எண்ணும் தேதி முத்திரையும் உங்கள் பிரதியில் போட்டு வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் போடுங்கள். கடிதத்தில் மூன்று வரி போதும்: விலகுகிறேன், கடைசி வேலை நாள் இது, சான்றிதழ்களைத் திருப்பித் தாருங்கள். ஏன் போகிறேன் என்று எழுதாதீர்கள். என் முதல் கடிதம் இரண்டு பக்கம், அதில் திருக்குறள் வேறு. நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மூன்று மாதம் இருந்தே ஆக வேண்டுமா? நியமன உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் வழக்கறிஞர் அல்ல. எனக்கு விளங்கிய வரையில், விருப்பமில்லாதவரைப் பிடித்து வைத்து வேலை வாங்கும்படி எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. மீதி நாட்களுக்கான சம்பளத்தைத்தான் கேட்பார்கள். கட்ட முடிந்தால் கட்டிவிட்டுப் போகலாம். என்னால் முடியவில்லை, இருந்து தீர்த்தேன்.

"பிஎச்.டி. பதிவுக்கு ஒரிஜினல் காட்ட வேண்டும்" என்று சொல்லிச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுங்கள் என்று இங்கே சிலர் யோசனை சொல்வார்கள். பொய் சொல்வது பாவம் என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை, நடக்காத கூட்டத்துக்கு நன்றியுரை எழுதியவள் நான். ஆனால் எங்கள் கல்லூரியில் அப்படி வாங்க வேண்டுமானால் சக ஆசிரியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். 2018இல் ஒருவருக்கு நான் போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர், தினமும் என் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதம் எடுத்துச் சாப்பிட்டவர். "திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன் அக்கா" என்றார். எந்தத் திங்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. என் அந்த மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, தீபாவளிக்குப் பிறகு பாதி கொடுத்தார்கள். அவர் இப்போது பெங்களூரில் நன்றாக இருக்கிறார், தினமும் வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படம் வைக்கிறார். ஒரு போன் வந்ததில்லை. பணத்தை விடுங்கள், "அக்கா, மாட்டிவிட்டுவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். இத்தனை ஆண்டுகள் ஆறப்போட்டேன், ஆறவில்லை.

செமஸ்டர் நடுவில் மாணவர்களை நட்டாற்றில் விட்டுப் போனவள்தானே என்று கேட்கப் போகிறவர்களுக்கு: சிக்னல்ஸ் பாடத்தில் ஐந்து அலகுகளில் மூன்றை முடித்து, மீதிக்கும் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தேன். ஒரு செமஸ்டருக்கு மூன்று ஆசிரியர்களை மாற்றிய நிர்வாகத்திடம் இதே கேள்வியை யாரும் கேட்டதில்லை.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகள் முடித்திருந்தால் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) விட்டுவிடாதீர்கள். "ஆசிரியர்களுக்கு அது கிடையாதே மேடம்" என்று எங்கள் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் உண்டு என்று ஆக்கியாயிற்று. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பளித்தது. அதாவது நான் கிளம்புவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. செய்தித்தாளை வெட்டி விண்ணப்பத்தோடு இணைத்தேன். கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 28,000. அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 9 ஆண்டுகளால் பெருக்கினால் 1,45,385 ரூபாய். தொழிலாளர் துறைக்குப் போவேன் என்று இரண்டாவது கடிதம் எழுதிய பிறகு காசோலை வந்தது. வருங்கால வைப்புநிதிக் கணக்கில் விலகிய தேதியை அவர்கள் பதியவே இல்லை. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்தால் அதை நாமே இணையத்தில் பதியலாம். பதிந்தேன்.

சான்றிதழ்கள் கடைசி நாள் மாலை நாலரை மணிக்குக் கிடைத்தன. நூலகம், ஆய்வகம், விடுதி என்று பதினொரு பேரிடம் பாக்கியில்லை என்று கையெழுத்து வாங்கிய பிறகு. வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் இடது ஓரம் இரண்டு ஓட்டைகள். பத்தாம் வகுப்புப் பட்டியலில் ஒரு ஓட்டை என் பெயரின் முதல் எழுத்தைத் தின்றிருந்தது. மறுநாள் கண்காணிப்பாளரைப் போனில் கேட்டேன். "பத்திரமாகக் கோப்பில் போடத்தான் மேடம்" என்றார்.