"இது எப்படித் தெரியும், டீச்சர்?" – தமிழ்நாட்டின் தொடக்க வரலாற்றை வகுப்பில் கொண்டுசெல்வது

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள், சங்க காலம் பாடங்களைப் பிள்ளைகள் மூவேந்தர், கொடி, தலைநகரம், துறைமுகம் என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், கைப்பேசியில் வந்த செய்திகளைக் காட்டி, "தமிழர் வரலாறு ஐம்பதாயிரம் ஆண்டாமே", "குமரிக்கண்டம் ஏன் புத்தகத்தில் இல்லை" என்று கேட்கிறார்கள். கீழடிக்கு ஓர் ஆண்டு, சிவகளைக்கு வேறோர் ஆண்டு என்று செய்திகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இதை எப்படி நடத்துவது? அருகில் அகழாய்வு நடந்த இடம் எதுவும் இல்லை.

பதில்: உங்கள் மாணவர்கள் கேட்பது தொல்லை தரும் கேள்வி அல்ல, பாடத்தின் வாசலே அதுதான். "ஏன் புத்தகத்தில் இல்லை" என்று கேட்கும் பிள்ளையிடம், "புத்தகத்தில் இருப்பது மட்டும் எப்படி வந்தது என்று பார்ப்போமா" என்று திருப்பிக் கேளுங்கள். தொடக்க வரலாற்றில் செய்தியை விடச் சான்றுதான் முதலில் வர வேண்டும். கொடியும் தலைநகரமும் ஒரு பக்க அட்டவணை. அதைத் தேர்வுக்கு முந்தைய வாரம் கொடுத்தால் போதும். பாடவேளைகளை அதில் செலவழிக்காதீர்கள்.

முதல் வகுப்புக்கு ஒரு வீட்டுப் பாத்திரம் போதும். பெயர் வெட்டிய பழைய எவர்சில்வர் தம்ளரையோ பித்தளைச் சொம்பையோ கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர், தேதி, சிலவற்றில் "அன்பளிப்பு" என்றும் இருக்கும். குழுவாக உட்கார்ந்து, இந்தப் பாத்திரம் மட்டும் நூறாண்டு கழித்து மண்ணுக்குள் கிடைத்தால் என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்று இரண்டு பத்தியாக எழுதட்டும். எழுதத் தெரிந்த ஊர், உலோகம் புழங்கிய வீடு, பொருளுக்கு உரிமை சொல்லும் வழக்கம் – இவற்றைச் சொல்லலாம். பெயருக்குரியவர் பணக்காரரா, அந்த ஊர்க்காரர்தானா, பாத்திரம் விலைக்கு வந்ததா, சீராக வந்ததா என்பதைச் சொல்ல முடியாது. இரண்டாவது பத்திதான் முக்கியம். அதை நிரப்பக் கற்ற பிள்ளை பிறகு எந்த மிகைக்கும் எளிதில் மயங்காது.

அடுத்த நாள் கீழடிக்குப் போங்கள். பஸ்ஸில் அல்ல, படத்தில். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், வைகைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் ஊர். 2014இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து, அதாவது 2018 முதல், மாநிலத் தொல்லியல் துறை செய்கிறது. அந்த நான்காம் கட்டத்தில் மட்டும் தமிழ் பிராமி எழுத்துள்ள (தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்து வடிவம்) 56 பானை ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் போன்ற ஆள் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. முந்தைய நாள் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிள்ளைகளுக்கு இதில் விளக்க எதுவும் மிச்சமிருக்காது. பானையில் பெயர் கீறியவர் அரசர் அல்லர் என்பதை அவர்களே சொல்வார்கள்.

அங்கேயே எழுத்தையும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள். தமிழ் பிராமியில் 'க' என்பது கூட்டல் குறி. 'ந' என்பது ஒரு கிடைக்கோட்டின் நடுவில் நிற்கும் குத்துக்கோடு. ழ, ள, ற, ன ஆகிய நான்குக்கும் வடக்கே இல்லாத தனி வடிவங்கள் உண்டு. எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால், இரண்டே நாளில் வகுப்பின் எல்லா நோட்டு அட்டைகளிலும் பிராமியில் பெயர் ஏறிவிடும். கரும்பலகையில் ரகசியச் செய்தியும் வரும். உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம், அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆண்டுகளின் குழப்பம். பிள்ளைகள் மட்டுமல்ல, செய்தி எழுதுகிறவர்களும் சறுக்கும் இடம் இது. ஓர் ஊருக்கு வயது கணிப்பதில்லை, அந்த ஊரில் எடுத்த ஒரு மாதிரிக்குத்தான் வயது கணிக்கிறார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் வெளியான அறிக்கை சொன்னது. தாமிரபரணிப் பகுதியில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு தொடர்புடைய மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை கூறியது. இரண்டுக்கும் முரண் எதுவும் இல்லை. வேறு ஊர், வேறு குழி, வேறு மாதிரி. பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளைப் பழக்கப்படுத்துங்கள்: எந்தப் பொருளை அளந்தார்கள்? அது எந்த அடுக்கில் இருந்தது? பக்கத்தில் வேறு என்ன இருந்தது? ஒரு புதிய ஆண்டு செய்தியில் வரும்போதெல்லாம் இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, "அறிக்கை இவ்வாறு கூறுகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். பெரிய முடிவாக இருந்தால் வேறு இடங்களிலும் அதற்கு ஒத்த முடிவுகள் வருகின்றனவா என்று அறிஞர்கள் காத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீழடியின் முதல் இரண்டு கட்ட ஆய்வுகளின் அறிக்கையைத் திருத்தச் சொல்லி 2025இல் எழுந்த சர்ச்சையைப் பற்றி யாராவது கேட்டால், அரசியலை வெளியே விட்டுவிட்டு இதே மூன்று கேள்விகளுக்குத் திரும்புங்கள். அடுக்குகளுக்குக் காலம் குறிப்பதில்தான் வாதமே.

கால அளவை உணர்த்த ஒரு கயிறு வேண்டும், நீளமான கயிறு. நூறு ஆண்டுக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை இன்று. கீழடியின் அந்த மாதிரி 26 செ.மீ. தொலைவில் வரும், உங்கள் அடிக்கோலுக்குள் அடங்கிவிடும். சிவகளை சுமார் 54 செ.மீ. திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டு பழமையானவை, கயிற்றில் 38.5 மீட்டர். அதே இடத்தின் இன்னும் பழைய கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு, 150 மீட்டர். கயிறு பள்ளி வாசலைத் தாண்டிப் போகும், போகட்டும். "தமிழர் வரலாறு ஐம்பதாயிரம் ஆண்டா" என்ற கேள்விக்கு மைதானத்திலேயே விடை சொல்லலாம். இந்த மண்ணில் மனித வாழ்வு அதைவிட மிகப் பழையது. ஆனால் 15 லட்சம் ஆண்டுக்கு முன் கல்லைச் செதுக்கியவர்கள் நம்மைப் போன்ற மனித இனமே அல்லர். நம் இனம் தோன்றியே சுமார் மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைக் கல் சொல்லாது. எழுத்து கிடைக்கும் இடம் அந்த அடிக்கோல் அளவுக்குள்தான். மண்ணின் வயது, மொழியின் வயது, எழுத்தின் வயது மூன்றையும் ஒன்றாக்கிக் குழப்பினால்தான் அந்தக் கைப்பேசிச் செய்திகள் பிறக்கின்றன.

1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் நிலவியல் துறைக்காரர். அவர் தொடங்கிவைத்த தேடல்தான் அதே ஆண்டில் அதிரம்பாக்கத்துக்கும் போனது. பல்லாவரம் சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

குமரிக்கண்டத்துக்கு வருவோம். கேலி செய்யாதீர்கள், கேட்ட பிள்ளை வீட்டில் பெருமையோடு கேட்ட கதை அது. பிரித்துக் காட்டுங்கள். பஃறுளி ஆற்றைப் புறநானூறு சொல்கிறது, கடல் நிலத்தைக் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவை இலக்கிய நினைவுகள், அப்படியே மதிக்கலாம். பனியுகம் முடிந்து கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்ததால் உலகெங்கும் கரையோர நிலங்கள் மூழ்கின. அது நிலவியல் உண்மை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற கண்டமோ, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகை உயிரினச் சான்றுகள் இருப்பதை விளக்க 1864இல் ஓர் ஆங்கில விலங்கியலாளர் முன்வைத்த ஊகம். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது உறுதியானதும் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. மூன்றும் மூன்று வகைப் பேச்சு என்பது புரிந்துவிட்டால், கண்டம் ஏன் பாடநூலில் இல்லை என்பதும் புரிந்துவிடும்.

நான் மிக அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது மிளகுக்கு. ஒரு கைப்பிடி மிளகை மேசையில் கொட்டிவிட்டு நான்கு சாட்சிகளை ஒவ்வொருவராக அழையுங்கள். முதல் சாட்சி அகநானூறு: யவனரின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகரின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி. இரண்டாவது, முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய கடல் வழிக் குறிப்பு. அதிலும் முசிறி, அதிலும் மிளகு. மூன்றாவது, வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் தாள். முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒரு பக்கம், கப்பல் சரக்கின் மதிப்பு மறுபக்கம். தந்தமும் நறுமணப் பொருளும் அதில் உண்டு. நான்காவது, எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்துக் கோயிலில், இந்தியாவில் வனைந்த ஒரு பெரிய சாடிக்குள் கிடைத்த சுமார் 7.5 கிலோ மிளகு. தமிழ்ப் புலவர், கிரேக்க மாலுமி, கடன் கொடுத்தவர், கோயில் பூசாரி ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். எங்கும் கலந்து பேசிக்கொள்ளாமல் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள். இலக்கியம் மட்டும் சொல்லியிருந்தால் கவிஞரின் மிகை என்று ஒதுக்கியிருப்பார்கள், சாடி மட்டும் கிடைத்திருந்தால் அது எங்கிருந்து போனது என்று திண்டாடியிருப்பார்கள்.

கவனித்தீர்களா, முசிறி இன்று கேரளத்தில். ரோமானியர் மட்கலங்கள் கிடைத்த அரிக்கமேடு புதுச்சேரியில். இன்றைய மாநில எல்லை 1956இல் வந்தது, தமிழ்நாடு என்ற பெயர் 1969இல் நிலைபெற்றது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வரைபடத்தை வரையும்போது இன்றைய எல்லைக்கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அரசர்களுக்கும் இதே முறை. கரூருக்கு அருகே புகளூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேர மன்னர்கள் வருகிறார்கள், சேரரைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் கடைசிப் பத்துகளின் தலைவர்களோடு அவர்களைப் பொருத்திப் பார்க்கிறார்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் உள்ள கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் "ஸதியபுதோ" என்ற பட்டத்தோடு இருக்கிறது. அசோகரின் பாறைக் கட்டளையில் சேர, சோழ, பாண்டியரோடு வரும் அந்தப் பட்டம் யாருடையது என்ற பழைய புதிருக்கு 1981இல் அதுதான் விடை தந்தது. ஒளவைக்கு நெல்லிக்கனி தந்தவர் என்று அறிந்திருந்தவரைக் கல்லில் கண்டால் பிள்ளைகளின் முகமே மாறும். ஆனாலும் அரசர்களோடு நிறுத்தாதீர்கள். மதுரை அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகளில் கொடை அளித்தவர்களாக உப்பு வணிகர், துணி வணிகர், ஏருக்குக் கொழு விற்றவர், பொற்கொல்லர் எல்லோரும் நிற்கிறார்கள்.

இனி உங்கள் கடைசிக் குறை: அருகில் எதுவும் இல்லை என்பது. பெரும்பாலும் இருக்கும், வேறு பெயரில் இருக்கும். ஊரார் பஞ்சபாண்டவர் மலை என்பது சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைக் குகையாக இருக்கலாம். பாண்டியன் குழி, நத்தமேடு, ஓடு மிதக்கும் காடு என்று பெரியவர்கள் சொல்லும் இடங்களைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதிவரட்டும். கும்பிடும் வீரன் கல் நடுகல்லாக இருக்கலாம். மாவட்ட அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போகலாம். கீழடி அருங்காட்சியகம் 2023 முதல் திறந்திருக்கிறது, ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைச் சென்னை எழும்பூரில் பார்க்கலாம்.

மலைக்குப் போவதானால் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போங்கள், கீறல் எழுத்து அப்போதுதான் தெளிவாகத் தெரியும், படமும் நன்றாக வரும். படம் தெளிவாக இல்லை என்று எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்கும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள், அது கல்லைக் கெடுக்கும். தரையில் கிடக்கும் பானை ஓட்டைப் பையில் போடுவதும் கூடாது. எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் அது வெறும் ஓடுதான். இருந்த இடத்திலேயே அடிக்கோல் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துவிட்டு வாருங்கள். வீடு கட்டத் தோண்டும்போது தாழியோ காசோ கிடைத்ததாக ஒரு மாணவன் சொன்னால், கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ தெரிவிக்கச் சொல்லுங்கள். புதையல் சட்டம் 1878இலிருந்தே அதை வேண்டுகிறது.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. வினாத்தாளை மாற்ற உங்களால் முடியாது, வகுப்புத் தேர்வை மாற்ற முடியும். "கீழடி எந்த மாவட்டத்தில் உள்ளது" என்பதோடு ஒரு வினா சேருங்கள்: ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல்லும் இரும்புக் கத்தியும் கிடைத்தன, இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று, ஊகமாகச் சொல்லக்கூடியது ஒன்று, சொல்லவே முடியாதது ஒன்று எழுதுக. மூன்றுக்கும் சம மதிப்பெண்.