சீசன் இல்லாத நேரத்தில் திருச்செந்தூர் போனால் நன்றாக இருக்குமா? எப்போது போகலாம்?

வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பயமாக இருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சீசன் இல்லாத நாளில்தான் நீங்கள் வர வேண்டும். நான் பாளையங்கோட்டைக்காரன். சின்ன வயதிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் போய் நின்றிருக்கிறேன், கூட்டம் இல்லாத நாளிலும் போயிருக்கிறேன். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது இரண்டாவது வகை நாள்களில்தான்.

ஆனால் ஒன்று. குற்றாலத்துக்குச் சீசன் மாதக் கணக்கில் வரும், போகும். திருச்செந்தூருக்கு அப்படி இல்லை. கிழமையும் திதியும் நட்சத்திரமும் பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள். வியாழன் குருவுக்கு, செந்தூர் குரு தலம் என்பதால் அன்றும் கூட்டம். வெள்ளியைச் சொல்லவே வேண்டாம். சனி ஞாயிறு விடுமுறை. மிச்சம் இருப்பது திங்களும் புதனும். எங்கள் வீட்டில் புதன்தான். அந்தப் புதன் கார்த்திகை நட்சத்திரத்திலோ சஷ்டியிலோ அமாவாசையிலோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியும் வேண்டாம். கொஞ்ச வருஷமாக பௌர்ணமிக்குக் கடற்கரைக்கு வருகிற கூட்டம் பெருகிவிட்டது, மணலில் கால் வைக்க இடம் இருக்காது.

மாதத்துக்கு வருவோம். ஐப்பசியில் கந்த சஷ்டி, கார்த்திகையில் ஐயப்ப சாமிமார், மார்கழி பிறந்ததிலிருந்து தைப்பூசம் வரை பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள், வைகாசியில் விசாகம், ஆவணியிலும் மாசியிலும் பெரிய திருவிழாக்கள். புரட்டாசியில் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசரா என்றால் வேஷம் கட்டியவர்கள் இந்தப் பக்கமும் வருவார்கள். பள்ளிக்கூட லீவு தனி. இதையெல்லாம் கழித்தால் என் கணக்கில் மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள்.

முதலாவது, மாசித் திருவிழா முடிந்து பங்குனி உத்திரம் வரும் வரை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், குடும்பங்கள் வெளியே கிளம்பாது. மழையும் ஓய்ந்திருக்கும், பதநீரும் இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டாவது ஆடி. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கல்யாணக் கூட்டம் இருக்காது, லாட்ஜுகளில் அறை சுலபமாகக் கிடைக்கும். ஆடிக் கிருத்திகையையும் அமாவாசையையும் மட்டும் விட்டுவிடுங்கள். ஆனால் ஆடியில் காற்று கடுமை. தேரிக்காட்டுச் செம்மண்ணே இடம் மாறுகிற காற்று அது, முதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. உங்களுக்குப் பங்குனிதான்.

'ஐப்பசி கார்த்திகை மார்கழியிலும் சாதாரண நாள் பார்த்து வரலாமே' என்று நினைக்காதீர்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டதும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. எல்லா வருஷமும் அப்படிப் பெய்யாது. இருந்தாலும் பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் வானத்தை நம்பிக் கிளம்ப எனக்கு மனம் வராது.

என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சஷ்டி சமயத்தில் அவளைக் கூட்டிப் போய் வரிசையில் மணிக்கணக்காக நிற்க வைத்துவிட்டோம். கால் இரண்டும் வீங்கிவிட்டது. சந்நிதிக்கு முன்னால் வந்தபோது பின்னாலிருந்து தள்ளிய தள்ளில் அவள் தலையைத் தூக்குவதற்குள் வெளியே வந்துவிட்டாள். அன்று தங்கிய விடுதியில் வழக்கமான வாடகையைப் போல மூன்று மடங்கு வாங்கினார்கள். திரும்பி வருகிற வழியில் ஆச்சி, "நான் பாக்கவே இல்ல ராசா" என்று மட்டும் சொன்னாள். அது எனக்குள் நெடுநாள் கிடந்து அறுத்தது.

அப்புறம் ஒரு பங்குனிப் புதன்கிழமை, அவளும் நானும் மட்டும் காலைப் பாசஞ்சர் ஏறினோம். நெல்லையிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். காரில் வருவதாக இருந்தாலும் இந்த ஒரு பயணத்துக்கு ரயிலில் வாருங்கள். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் வயலுமாகப் பச்சை. குரும்பூர் தாண்டினால் பனை. ஆறுமுகநேரி வந்ததும் இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண் கூசும். ஆச்சி அந்த உப்புக் குவியல்களை எண்ணிக்கொண்டே வந்தாள்.

முதலில் கடல். படியை ஒட்டி ஈர மணலில் அவளை உட்கார வைத்து, பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். அலை வந்து இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு அலைக்கும் "முருகா" என்றாள். கூட்ட நாளில் இது நடக்காது, யாராவது மேலே வந்து விழுவார்கள். (கடல் சில நாள் உள்வாங்கும், சில நாள் கரையை அரித்துப் பள்ளமாக்கி வைத்திருக்கும். இறங்குமுன் அங்கிருக்கும் காவலர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) அடுத்து நாழிக்கிணறு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காது. திருவிழாவில் இரண்டு வாளி தலையில் விழுந்தால் பெரிது. அன்று ஆச்சி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, "தித்திப்பு" என்றாள்.

தரிசனத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூட்டமே இல்லாத நாள் என்று இனி செந்தூரில் கிடையாது, 2025 ஜூலைக் குடமுழுக்குக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். அதனால் காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். ஆனால் தள்ளவில்லை. மூலவருக்கு முன்னால் ஆச்சி நின்றாள். கண்ணை மூடாமல், கையைக் கூப்பியபடி பார்த்துக்கொண்டே நின்றாள். நகரச் சொல்கிறவரும் அவளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து பன்னீர் இலை விபூதியைப் பிரித்து என் நெற்றியில் பூசிவிட்டு, இலையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இங்கே நடை பகலில் சாத்துவதில்லை, அதனால் அவசரப்பட வேண்டாம். உச்சிக்காலப் பூஜை முடியும் வரை இருங்கள். பூஜை முடிந்ததும் சாமிக்குப் படைத்த அன்னத்தை மேளத்தோடு எடுத்துப் போய்க் கடலில் கரைப்பார்கள், கங்கை பூஜை என்பார்கள். தினமும் நடப்பதுதான். கூட்ட நாளில் எத்தனையோ பேர் அதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். அன்று அவர்களுக்குப் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்தோம்.

வெளியே கடைகள் பாதி சாத்தியிருக்கும். திறந்திருந்த ஒரு கடையில் சில்லுக்கருப்பட்டி வாங்கினோம். கடைக்கார அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இரிங்க ஆச்சி, எந்தூர்லேந்து வாறிய?" என்று கேட்டு, ஒரு வில்லையை உடைத்து ஆச்சி கையில் கொடுத்தார். சுக்கு நாக்கில் உறைத்தது. சஷ்டிக்கும் விசாகத்துக்கும் சம்பாதிப்பதை வைத்துத்தான் இந்த நாள்களை ஓட்டுவதாகச் சொன்னார். அறை வாடகையைக் குறைத்துக் கேளுங்கள், தப்பில்லை. பூக்காரியிடமும் கருப்பட்டிக்காரியிடமும் பேரம் பேசாதீர்கள். வீட்டுக்கு என்றால் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டி கேட்டு வாங்குங்கள்.

ஒரு ராத்திரி தங்க முடிந்தால் மறுநாள் மணப்பாடு போகலாம், தெற்கே பதினெட்டு கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் அதையும் மறுநாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பங்குனியில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரும் பங்குனிக்கும் ஆச்சிக்கு ஒரு புதன்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறேன், உத்திரத்துக்கு முந்தின வாரம். உத்திரத்தன்று எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும், அதை மாற்ற முடியாது.