வாசகர் கேள்வி பதில்: கிரெஷ்ஷில் அம்மை, வீட்டில் கர்ப்பிணி

கேள்வி: பேரனுக்கு 14 மாதம். அவன் போகும் கிரெஷ்ஷில் (குழந்தைகள் காப்பகத்தில்) ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. என் மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறோம். வேறென்ன செய்யலாம்?
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: முதலில் மகளைக் கவனியுங்கள், அம்மா. வந்திருப்பது ரூபெல்லாவாக (ஜெர்மன் அம்மை) இருந்தால், குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் மூன்று நாள் தடிப்பும்தான். ஆனால் கருவுற்ற முதல் 12 வாரத்தில் தாயைத் தொற்றினால் சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அவருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இன்றே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இப்போது ரூபெல்லா தடுப்பூசி போடக் கூடாது. அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். பிரசவத்துக்குப் பின் போடலாம், தாய்ப்பால் கொடுத்தாலும் தடையில்லை.

பேரனின் தடுப்பூசிப் பதிவேடான 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தில் 6, 12 மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிகள் இரண்டும் பதிவாகியுள்ளனவா? ஒன்று போதாது. 6 மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில குழந்தைகளின் ரத்தத்தில் மிச்சமிருந்து, ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். விடுபட்டிருந்தால் உடனே போடுங்கள். தட்டம்மைத் தொற்று நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. ரூபெல்லாவுக்கு அந்தச் சலுகை இல்லை.

கடும் காய்ச்சல், இருமல், சிவந்த கண், பிறகு முகத்தில் தொடங்கும் தடிப்பு என்றால் தட்டம்மை. தடிப்புக்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்புவரை பரவும். க்ளினிக்குக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே வைட்டமின் ஏ அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுப்பார்கள். ஒரு வயது தாண்டியவருக்கு வேளைக்கு 2 லட்சம் யூனிட். வேப்பிலை இருக்கட்டும், ஆனால் மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.